அமெரிக்கப் பள்ளிகளில் இத்தாலிய மொழி



ஆண்டுதோறும் இம்மலரில் ஒழுக்கம், நேரந்தவறாமை, நூல் வாசிப்பு ஆகியவை பற்றி எழுதி வந்துள்ளேன். இவ்வாண்டு கடல் கடந்த ஒரு நாட்டின் பள்ளிகளைப் பற்றி எழுத விழைகின்றேன். அதற்குக் காரணம் ஒரு தந்தையார் என்னிடம் கேட்ட கேள்வியாகும்.

முதலாம் ஆண்டுப் பதிவு நாளன்று, செம்பனைத் தோட்டத்தில் வேலை முடித்து நேரே பள்ளிக்கு வந்த ஒருவர், மகனின் கையைப் பிடித்தபடி என் மேசையின் முன் நின்றார். "ஐயா, வீட்டில் பேசுகிற பாஷைதானே இது? இதைப் பள்ளிக்கூடத்தில் வேறு படிக்க வேண்டுமா? பிழைப்புக்கு உதவுகிறதைப் படித்தால் போதாதா?" என்று பணிவோடு கேட்டார். அவர் அறியாமையால் கேட்கவில்லை. தம் பிள்ளை தம்மைப்போல் வெயிலில் வாடக் கூடாதே என்னும் பாசத்தால் கேட்டார். அன்று நான் சொன்ன விடை எனக்கே நிறைவளிக்கவில்லை.

இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. நூறாண்டுகளுக்கு முன்னரே நியூயார்க் நகரத்து இத்தாலியத் தொழிலாளர்கள் இதே கேள்வியைக் கேட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் 'போதும்' என்று விடை கண்டனர். அதன் விளைவு யாது, அமெரிக்கப் பள்ளிகளில் இத்தாலிய மொழியை மீண்டும் நிலைநாட்ட இன்று சிலர் ஏன் பாடுபடுகின்றனர் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1880 முதல் 1920 வரையிலான காலத்தில் 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியர் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் குடியேறினர். அவர்களுள் மிகப் பலர் சிசிலி, கலாபிரியா, நேப்பிள்ஸ் முதலிய தென்பகுதிகளைச் சேர்ந்த ஏழை உழவர்கள். நம் முன்னோர் கங்காணிகளை அறிந்திருந்ததுபோல், அவர்களும் 'பத்ரோனே' என்று அழைக்கப்பெற்ற ஆள்சேர்ப்போரை அறிந்திருந்தனர். ஆடவர் நிலத்தடி இரயில் பாதைகளைத் தோண்டினர், தண்டவாளம் இட்டனர், துறைமுகங்களில் மூட்டை தூக்கினர். பெண்டிர் தையல் ஆலைகளில் உழைத்தனர். பிள்ளைகள் எப்போது பள்ளியை விட்டுச் சம்பாதிக்கத் தொடங்குவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டிய நிலையில் பல குடும்பங்கள் இருந்தன.

ஈண்டு ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். இத்தாலி 1861-ஆம் ஆண்டில்தான் ஒரே நாடாக ஒன்றுபட்டது. நூல்களில் வழங்கும் இத்தாலிய மொழி, பிளாரன்ஸ் நகரை ஒட்டிய பகுதியின் வழக்கை அடியாகக் கொண்டது. தெற்கிலிருந்து சென்ற தொழிலாளரோ சிசிலி வழக்கையும் நேப்பிள்ஸ் வழக்கையும் பேசினர். அவர்களுள் எழுதப் படிக்கத் தெரியாதோர் ஏராளம். ஊரிலிருந்து வரும் கடிதத்தைப் படிக்கவும், மறுமொழி எழுதவும் பிறரை நாட வேண்டியிருந்தது. வீட்டில் பேசும் மொழி வாய்க்கு வந்தது. கண்ணுக்கும் கைக்கும் வரவில்லை. கண்ணுக்கும் கைக்கும் மொழியைத் தருவது பள்ளியேயாகும். அந்தப் பள்ளியில் அவர்களின் மொழிக்கு அன்று இடமில்லை.

அந்நிலையை மாற்ற முற்பட்டவர் ஓர் ஆசிரியர். அவர் பெயர் லியோனார்டு கோவெல்லோ. ஆசிரியப் பணியில் இருக்கும் நான் அவர் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சம் நெகிழ்கின்றேன்.

கோவெல்லோ 1887-ஆம் ஆண்டு தென் இத்தாலியில் அவில்யானோ என்னும் மலையூரில் பிறந்தார். 1896-இல் நியூயார்க் வந்து சேர்ந்தார். அவருடைய குடும்பப் பெயர் 'கோவியெல்லோ' என்பதாகும். பள்ளியில் ஆசிரியர் ஒருவர், உச்சரிக்க எளிதாக இருக்கட்டும் என்று கருதி, அதனைக் 'கோவெல்லோ' என்று சுருக்கிவிட்டார். தந்தையார் வருந்தினார், ஆயினும் சுருங்கிய பெயரே நிலைத்துவிட்டது. ஒரு முறை பள்ளியில் கொடுத்த ஓட்ஸ் தானியத்தைச் சிறுவன் வீட்டிற்குக் கொண்டு வந்தான். அதனைக் கண்ட தந்தையார், கால்நடைகளுக்குப் போடும் தீனியைப் பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்பும் பள்ளியும் உண்டோ என்று சினந்தார். பள்ளிக்கு வீட்டைத் தெரியவில்லை. வீட்டுக்குப் பள்ளியைப் புரியவில்லை. இரண்டுக்கும் இடையே பிள்ளை தனித்து நின்றான்.

தாய் தந்தையர் பள்ளி வாயிலுக்கு வந்தால், தோழர்கள் பார்த்துவிடுவார்களே என்று அக்காலத்து இத்தாலியப் பிள்ளைகள் நாணினர். தாயின் உடைக்காக நாணினர். தந்தையின் பேச்சுக்காக நாணினர். இந்த நாணத்தைப் பள்ளி நேரடியாகக் கற்பிக்கவில்லை. பள்ளியில் ஒரு முறையேனும் தம் மொழி மதிப்போடு ஒலிக்கக் கேளாத பிள்ளை, அதனைத் தானாகவே கற்றுக்கொண்டது. பின்னாளில் தாம் எழுதிய தன்வரலாற்று நூலில் கோவெல்லோ இவற்றையெல்லாம் மனந்திறந்து கூறியுள்ளார்.

கொலம்பியாவில் பட்டம் பெற்ற அவர், டி விட் கிளிண்டன் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியரானார். 1914-இல் அங்கு இத்தாலிய மாணவர்க்கென ஒரு மன்றம் தொடங்குவதற்குத் துணை நின்றார். பின்னர் இத்தாலிய மொழி வகுப்புக்காகப் போராடினார். பிரெஞ்சும் ஸ்பானிஷும் படிக்கலாம், இத்தாலியம் படித்தால் மட்டும் பிள்ளைகள் அமெரிக்கராக மாட்டார்கள் என்று வாதிட்டோர் பலர். அவர் மனந்தளரவில்லை. வீடு வீடாகச் சென்று, மாடிப்படிகள் ஏறி, பெற்றோரிடம் பேசினார். 1922-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரக் கல்வி வாரியம், பிற ஐரோப்பிய மொழிகளுக்கு நிகரான இடத்தை இத்தாலிய மொழிக்கும் உயர்நிலைப் பள்ளிகளில் வழங்கிற்று.

1934 முதல் 1956 வரை கிழக்கு ஹார்லத்தில் பெஞ்சமின் பிராங்ளின் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக அவர் பணியாற்றினார். பள்ளிக் கதவை மாலையிலும் திறந்து வைத்துப் பெற்றோரையும் உள்ளே அழைத்தார். பின்னாளில் புவெர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து ஸ்பானிஷ் பேசும் மக்கள் அப்பகுதியில் குடியேறியபோது, அவர்களின் பிள்ளைகளுக்கும் அதே மதிப்பை அளித்தார். தன் மொழியை மதிப்பவன் பிறர் மொழியை வெறுக்கமாட்டான் என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுமோ?

எனினும் காலம் எதிர்த்திசையில் வீசியது. முதல் உலகப் போர் மூட்டிய வெறுப்பில், 1919-இல் நெப்ராஸ்கா மாநிலம் சிறு பிள்ளைகளுக்குப் பிறமொழி கற்பிப்பதைத் தடை செய்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு ஜெர்மன் மொழியில் வாசிக்கக் கற்பித்த மேயர் என்னும் ஆசிரியருக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. அவர் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 1923-இல் அத்தடைச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. ஆனால், 1924-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் இத்தாலியர் வரவைப் பெரிதும் குறைத்துவிட்டது. மொழியைச் சுமந்து வரும் புதியோர் வரவு அதனோடு மெலிந்தது.

இரண்டாம் உலகப் போரில் இத்தாலி அமெரிக்காவின் பகை நாடாயிற்று. குடியுரிமை பெறாத சுமார் 6 இலட்சம் இத்தாலியர் 'பகை நாட்டவர்' என்று பதிவு செய்யப்பட்டனர். பகைவனின் மொழியைப் பேசாதீர்கள் என்று எச்சரிக்கும் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. 1942 அக்டோபரில் அந்தப் பதிவு நீக்கப்பட்டது உண்மையே. ஆனால் அச்சம் நீங்கவில்லை. தாய்மார்கள் தெருவில் மட்டுமன்றி வீட்டிற்குள்ளும் குரலைத் தாழ்த்தினர். பிள்ளைகளிடம் தெரிந்த அளவு ஆங்கிலத்திலேயே பேசினர். தாத்தாவும் பாட்டியும் பேசினால் பேரப்பிள்ளைகள் ஓரளவு புரிந்துகொண்டனர். மறுமொழி கூற இயலவில்லை. கொள்ளுப்பேரர்க்குப் புரியவும் இல்லை.

கணக்கெடுப்பு இக்கதையை எண்களில் கூறுகின்றது. 1980-இல் வீட்டில் இத்தாலிய மொழி பேசியோர் சுமார் 16 இலட்சம். 2000-இல் சுமார் 10 இலட்சம். 2010-ஐ ஒட்டிச் சுமார் 7 இலட்சம். ஆனால், இத்தாலிய மரபினர் என்று தம்மைக் கூறிக்கொண்டோர் 2000-ஆம் ஆண்டில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோர். பெயர் இருக்கின்றது, உணவு இருக்கின்றது, விழா இருக்கின்றது, மொழி மட்டும் இல்லை. மரத்தின் நிழலில் அமர்ந்திருப்போர் பலர். வேருக்கு நீர் வார்ப்போர் சிலர்.

இந்நிலையில்தான் இத்தாலிய மொழியை மீண்டும் பள்ளிகளில் வளர்க்க வேண்டுமென்ற முயற்சி எழுந்தது. வெளிநாடுகளில் வாழும் இத்தாலியத் தொழிலாளர்தம் பிள்ளைகளின் மொழிக்கல்விக்கு உதவ, இத்தாலிய அரசு 1971-இல் ஒரு சட்டம் இயற்றிற்று. அதன் வழியே அமெரிக்கப் பள்ளிகளுக்கும் உதவி கிடைத்து வந்தது. பின்னர் ஒரு தேர்வைச் சுற்றி இம்முயற்சி சூடுபிடித்தது. அதனைச் சற்று விரிவாகக் கூறுதல் தகும்.

அமெரிக்காவில் 'அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட்' என்றொரு தேர்வு முறை உண்டு. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கல்லூரித் தரத்துப் பாடத்தைப் பயின்று இத்தேர்வை எழுதுவர். நல்ல புள்ளி பெற்றால் பல பல்கலைக்கழகங்கள் அதனை ஏற்றுக்கொள்ளும். ஆகவே, இத்தேர்வு உள்ள பாடத்தை மாணவரும் பெற்றோரும் மதிப்பர். இல்லாத பாடத்தைப் பள்ளிகள் எளிதில் கைவிடும். அதனை நடத்தும் 'காலேஜ் போர்டு' என்னும் அமைப்பு, இத்தாலிய மொழித் தேர்வை 2006-இல் முதன்முறையாக நடத்தியது. இதற்காக முன்னின்று நிதி திரட்டியவர்களுள் ஒருவர் மட்டில்டா கூமோ அம்மையார். இவர் நியூயார்க் மாநில ஆளுநராக விளங்கிய மேரியோ கூமோவின் துணைவியார்.

அத்தேர்வு நீடிக்கவில்லை. எழுதியோர் தொகை ஆண்டுக்குச் சுமார் 2,000 என்ற அளவிலேயே நின்றமையால், செலவுக்குக் கட்டுப்படியாகாது என்று 2009-ஆம் ஆண்டுத் தேர்வுடன் நிறுத்தப்பட்டது. ஒன்றரைக் கோடி மரபினர் வாழும் நாட்டில் இரண்டாயிரம் பிள்ளைகள்! மீண்டும் நிதி திரட்டினர். இத்தாலிய அரசும் உதவிற்று. 2012-இல் தேர்வு மறுபடியும் நடைபெற்றது. ஆயினும் ஸ்பானிஷ் மொழித் தேர்வை ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதும் நாட்டில், இத்தாலியத் தேர்வு சில ஆயிரம் பேரோடு ஒதுங்கி நிற்கின்றது. பல்கலைக்கழக வகுப்புகளிலும், 2009-இல் சுமார் 80,000 ஆக இருந்த இத்தாலிய மாணவர் தொகை, 2016-இல் சுமார் 57,000 ஆகக் குறைந்தது.

இதிலிருந்து நான் கொள்ளும் கருத்து ஒன்று. மேல் வகுப்பில் தேர்வு வைப்பதால் மட்டும் ஒரு மொழி வளராது; கீழ் வகுப்பில் பிள்ளை வேண்டும். மொசார்ட்டின் இசை நாடகங்களுக்குச் சொல் இயற்றிய லொரென்சோ டா பொன்டே என்னும் இத்தாலியக் கவிஞர், 1825-இல் கொலம்பியாக் கல்லூரியில் முதல் இத்தாலியப் பேராசிரியரானார். பெயர் பெற்ற புலவர், பெருமைமிக்க கல்லூரி. ஆனால் அவரிடம் படிக்க வந்தோர் மிகச் சிலரே. புலமைக்கு நாற்காலி போட்டனர். மாணவனுக்கு அடித்தளம் போடவில்லை. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது நம் முன்னோர் வாக்கு.

இனி, எதிர்த்துச் சொல்லப்படும் காரணங்களையும் நேர்மையோடு நோக்குவோம்.

இத்தாலியம் பிழைப்புக்கு உதவாது, ஸ்பானிஷ் படித்தாலாவது பயனுண்டு என்பர் சிலர். அண்டை நாடுகள் பலவற்றில் ஸ்பானிஷ் வழங்குவதால், அதன் பயன் பெரிதென்பதை நானும் ஒப்புகின்றேன். ஆனால், பள்ளிப் பாடம் அனைத்தையும் சம்பளத்தால் மட்டும் அளந்தால் இசைக்கும் ஓவியத்திற்கும் வரலாற்றுக்கும் இடமேது? கலிலியோ தம் புகழ்பெற்ற வானியல் உரையாடல் நூலை, 1632-இல், கற்றோர் மொழியாகிய இலத்தீனில் அன்றி இத்தாலிய மொழியிலேயே வெளியிட்டார். உலகெங்கும் இசை பயில்வோர் இன்றும் இத்தாலியச் சொற்களாலேயே இசைக் குறிப்புகளைப் படிக்கின்றனர். நம் பிள்ளைகள் அறிந்த 'பியானோ' என்பதும் அம்மொழிச் சொல்லே. மேலும், ஸ்பானிஷும் இத்தாலியமும் இலத்தீன் ஈன்ற உடன்பிறப்புகள். ஒன்றைக் கற்றவனுக்கு மற்றொன்று எளிது.

வீட்டு மொழியில் ஊன்றினால் ஆங்கிலம் வராது என்பர் வேறு சிலர். முன்னர்க் குறிப்பிட்ட மேரியோ கூமோவே இதற்கு விடை. அவர் தந்தையார் தொடக்கத்தில் சாக்கடை வெட்டும் கூலியாக உழைத்துப் பின்னர்ச் சிறு மளிகைக் கடை நடத்தினார். வீட்டில் இத்தாலிய மொழியே ஒலித்தது. அவ்வீட்டுப் பிள்ளை வழக்கறிஞராகி, 1983 முதல் 1994 வரை நியூயார்க் மாநிலத்தின் ஆளுநராக வீற்றிருந்தார். தம் ஆங்கிலப் பேச்சாற்றலால் நாடெங்கும் புகழ்பெற்றார். வீட்டு மொழி அவர் காலைத் தடுக்கவில்லை.

மூன்றாவது தடை பணமும் ஆசிரியரும் ஆகும். இதுவே மெய்யான தடை. ஆசிரியர் ஒருவர் ஓய்வு பெற்றதும், அவ்விடத்தை நிரப்பாமல் வகுப்பையே மூடிவிடுவது எளிது. பிள்ளைகளின் தொகை குறைவு என்று கணக்குக் காட்டினால் யாரும் வாதிட இயலாது. ஆகவே, கூட்டம் போட்டுப் பெருமை பேசுவதைக் காட்டிலும், பதிவுத் தாளில் பெற்றோர் இடும் ஒரு கையொப்பமே வலிமை மிக்கது. 2015-இல் புரூக்ளின் பகுதியிலுள்ள பென்சன்ஹர்ஸ்டில் ஆங்கிலமும் இத்தாலியமும் இணைந்த பாலர் வகுப்பு ஓர் அரசுப் பள்ளியில் தொடங்கியதென்றால், அது பெற்றோர் கேட்டதனால் விளைந்ததே. அங்கே நான்கு வயதுப் பிள்ளை இரு மொழிகளிலும் எண்ணவும் பாடவும் கற்கின்றது. இதுவே சரியான தொடக்கம் என்பேன்.

ஆதலால், இத்தாலிய மொழியை அமெரிக்கப் பள்ளிகளில் வளர்க்க விரும்புவோர் நான்கு செயல்களைச் செய்தல் வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. முதலாவது, தொடக்கப் பள்ளியிலேயே தொடங்க வேண்டும். இரண்டாவது, பாட்டியின் சிசிலி வழக்கைக் கொச்சை என்று இகழாமல், அதனைப் படிக்கட்டாகக் கொண்டு நூல்மொழிக்குப் பிள்ளையை ஏற்ற வேண்டும். பாட்டியின் சொல்லைக் கேட்டு நகைக்கும் ஆசிரியர், பிள்ளையின் நெஞ்சை இழந்துவிடுவார். மூன்றாவது, இத்தாலிய மரபினர்க்கு மட்டுமன்றி விரும்பும் எல்லா இனத்துப் பிள்ளைகளுக்கும் வகுப்பைத் திறக்க வேண்டும். கோவெல்லோ காட்டிய வழியும் அதுவே. நான்காவது, புதிய ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க வேண்டும். ஆசிரியரின்றித் திறந்த வகுப்பு எண்ணெயின்றி ஏற்றிய விளக்காகும்.

பதிவு நாளன்று என் முன் நின்ற அந்தத் தந்தையாருக்கு நான் இன்று கூற விரும்பும் விடை இதுதான். ஐயா, தாங்கள் பிழைப்பை எண்ணியது தவறன்று. நியூயார்க்கின் இத்தாலியத் தொழிலாளியும் அதனையே எண்ணினார். அவர் பிள்ளைகள் பிழைத்தார்கள், உயர்ந்தார்கள், அதில் ஐயமில்லை. ஆனால், அவர் மொழியை விட்டதால்தான் அவர்கள் உயர்ந்தார்கள் என்பது மெய்யன்று; விடாத வீட்டுப் பிள்ளையும் ஆளுநரானார். விட்டவரின் பேரர்களோ, இன்று வளர்ந்து, பொருளீட்டி, அந்தப் பொருளைக் கொடுத்து, தாத்தா இலவசமாகத் தந்திருக்கக்கூடிய மொழியை மாலை வகுப்புகளில் எழுத்தெழுத்தாகத் தேடுகின்றனர். தாத்தாவின் பழங்கடிதம் பெட்டியில் இருக்கின்றது, படிக்கத்தான் ஆளில்லை.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு சிறு வேலை தருகின்றேன். இவ்விடுமுறையில் உங்கள் தாத்தாவோ பாட்டியோ கூறும் ஒரு பழைய நிகழ்ச்சியைக் கேட்டு, அவர்கள் சொன்ன சொற்களை மாற்றாமல் ஒரு பக்கம் எழுதுங்கள். பள்ளி திறந்ததும் என்னிடம் காட்டுங்கள். பெற்றோர்களே, அதனைப் பிள்ளை வீட்டில் உரக்கப் படிக்கும்போது சற்றே உடனிருந்து கேளுங்கள். வீட்டில் பேசுகிற மொழியைப் பள்ளியில் ஏன் படிக்க வேண்டும் என்ற கேள்விக்கு, என் கட்டுரையைவிட உங்கள் பிள்ளையின் அந்த ஒரு பக்கம் தெளிவாக விடை கூறும்.